எரிச்சல் அடங்கினால் போதுமா?

புதுச்சேரியில் எந்த மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் "அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்ற குரல் காதில் விழும். கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம் அட்டையை எடுத்து நீட்டுகிறார். சில நேரம் அது டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூலாக இருக்கும். மருத்துவரின் சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்து என்ற நினைப்பு கொடுப்பவருக்கும் இல்லை, வாங்குபவருக்கும் இல்லை.

அந்த மாத்திரையை இரண்டு வகை மனிதர்கள் விழுங்குகிறார்கள். ஒருவருக்கு நாள்பட்ட அமில எதுக்களிப்பு. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வாரத்தில் பல நாள் வரும். மற்றவருக்கு இருப்பது பாரெட் உணவுக்குழாய். பல வருடம் அமிலம் பட்டுப்பட்டு, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் உட்சவ்வே வேறு வகையாக மாறிவிட்ட நிலை அது. வெளியிலிருந்து பார்த்தால் இருவருக்கும் வேற்றுமை தெரியாது. தொல்லையும் ஒன்றுபோலத்தான், மாத்திரையும் ஒன்றுதான். ஆனால் நம் ஊரில் ஒருவர் செய்ய வேண்டியதை மற்றவர் செய்துகொண்டிருக்கிறார். மாத்திரையைக் குறைத்து, முடிந்தால் நிறுத்த வேண்டியவர் வருடக்கணக்கில் விடாமல் விழுங்குகிறார். விடக்கூடாதவரோ எரிச்சல் நின்றதும் அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார், எண்டோஸ்கோப்பிக்குக் கொடுத்த தேதியையும் மறந்துவிடுகிறார். இந்தத் தலைகீழ் நிலைதான் இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்க என்னைத் தூண்டியது.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசைவளையம் உண்டு. விழுங்கும்போது திறப்பதும் உடனே இறுகிக்கொள்வதும் அதன் வேலை. அந்த வளையம் நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறது. தொப்பை கூடும்போது வயிற்றின் அழுத்தமும் கூடி அமிலத்தை உந்தித் தள்ளும். சிலருக்கு இரைப்பையின் மேல்முனையே உதரவிதானத் துளை வழியாக நெஞ்சுக்குள் ஏறி நிற்கும். ஹயாட்டஸ் ஹெர்னியா என்று அறிக்கையில் எழுதுவார்கள். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அது கிடையாது. அதனால்தான் எரிகிறது. இந்திய இரைப்பை குடல் மருத்துவச் சங்கத்தின் பணிக்குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்டவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. நூறு பேர் கூடும் ஒரு கல்யாணப் பந்தியில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எரிச்சலைத் தாண்டி ஒன்றும் ஆவதில்லை. சிறு பங்கினருக்கு மட்டும் உட்சவ்வு தன்னைத் தற்காத்துக்கொள்ளும் முயற்சியில் உருமாறுகிறது. வழக்கமாக அங்கே இருக்கும் தட்டையான, வெளிறிய செல்களின் இடத்தில், குடலில் இருப்பவை போன்ற தூண் வடிவச் செல்கள் வந்துவிடுகின்றன. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் வெளிறிய குழாயின் அடியிலிருந்து இளஞ்சிவப்பு நாக்குகள் மேலே ஏறுவதுபோலத் தெரியும். அதிலிருந்து கிள்ளியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பெயர் உறுதியாகும்.

பெயருக்குரியவர் நார்மன் பாரெட். 1903இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்து லண்டனில் பணியாற்றிய நெஞ்சு அறுவைச் சிகிச்சை நிபுணர். 1950இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சிவந்த பகுதி உணவுக்குழாயே அல்ல, பிறவியிலேயே குட்டையான உணவுக்குழாயால் மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்றுதான் அவர் வாதிட்டார். 1953இல் ஆலிசனும் ஜான்ஸ்டனும் அது உணவுக்குழாய்தான், உட்சவ்வு மட்டுமே வேறு என்று காட்டினார்கள். 1957இல் பாரெட் அதை ஏற்றுக்கொண்டு எழுதினார்.

இப்போது இருவரையும் எதிரெதிரே வைக்கும்போது முதலில் கண்ணில் படும் வேற்றுமை, எரிச்சலின் பொருள். சாதாரண எதுக்களிப்பு உள்ளவருக்கு எரிச்சல்தான் நோயின் அளவுகோல். அது குறைந்தால் நோய் குறைந்தது. பாரெட் உள்ளவருக்கு அந்த அளவுகோல் பொய் சொல்லும். உருமாறிய சவ்வு அமிலத்தை அவ்வளவாக உணர்வதில்லை. வருடக்கணக்கில் ஜெலுசிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்த ஒருவர், "இப்பல்லாம் எரியறதே இல்ல, தானா சரியாப் போச்சு" என்று சொல்லும்போது வீட்டார் நிம்மதியடைகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது. 1999இல் ஸ்வீடனிலிருந்து வெளிவந்த லாகர்கிரெனின் ஆய்வு, வாரம் ஒருமுறையாவது எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு உணவுக்குழாயின் சுரப்பித்திசுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்று கண்டது. அதே ஆய்வில், அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினர் அத்தகைய எதுக்களிப்புத் தொல்லை தங்களுக்கு இருந்ததாகச் சொல்லவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"பாரெட் என்றால் புற்றுநோயா?" என்பதுதான் அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி. இல்லை. டென்மார்க்கில் பாரெட் உள்ள 11,028 பேரைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் வந்த விகிதம் ஆண்டுக்கு 0.12 விழுக்காடு. அதாவது ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர். பெரும்பாலான பாரெட்காரர்கள் வேறு ஏதோ ஒரு காரணத்தால்தான், வயதாகித்தான் இறக்கிறார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் இதயமாகவோ சர்க்கரையாகவோ இருக்கும். ஆகவே அந்த வார்த்தையைக் கேட்டதும் சோற்றையும் தூக்கத்தையும் விட்டுவிடத் தேவையில்லை. ஆனால் செல்களில் டிஸ்பிளேசியா என்னும் ஒழுங்குக்குலைவு தென்பட்டால் கணக்கு மாறும். உயர்நிலைக் குலைவு என்றால் ஆண்டுக்கு நூற்றில் ஆறேழு பேருக்குப் புற்றுநோயாகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கண்காணிக்கத்தான் அவ்வப்போது குழாயை விட்டுப் பார்க்கிறார்கள்.

இனி மாத்திரை. சாதாரண எதுக்களிப்புக்கு அமிலச் சுரப்பைத் தடுக்கும் இந்த மாத்திரையை எட்டு வாரம் ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஒழுங்காக என்றால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். இரைப்பையின் அமிலப் பம்புகள் உணவைக் கண்டதும் வேலை செய்யத் தொடங்கும், அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். இங்கோ பலர் ராத்திரி பரோட்டா தின்றுவிட்டு நெஞ்சு எரியும்போது போட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்கு உதவுவது பழைய ஜெலுசில் வகை மருந்துதான், பாண்டோபிரசோல் அல்ல.

எட்டு வாரம் முடிந்து நிறுத்தினால் என்ன ஆகும்? டென்மார்க்கில் செய்து 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்றை எல்லா மருந்துக்கடைகளிலும் எழுதி ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத 120 பேரில் ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் எசோமெபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ அஜீரணமோ வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட மறுபாதியினரில் 15 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. நோயே இல்லாதவர்களுக்கு மாத்திரையை விட்டதால் வந்த எரிச்சல் அது. அடக்கி வைத்த அமிலம் சில வாரங்கள் கூடுதலாகச் சுரக்கிறது, பிறகு தணிகிறது. இது தெரியாதவர் மூன்றாம் நாளே "எனக்கு இது இல்லாம முடியாது" என்று மறுபடி கடைக்குப் போகிறார். ஒரேயடியாக நிறுத்தாமல் பாதி அளவாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் எரிந்தால் ஜெலுசில் குடித்துச் சமாளித்தால் பலரால் விட முடியும்.

பாரெட் உள்ளவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவருக்கு மாத்திரை எரிச்சலுக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. உருமாறிய சவ்வின் மீது மேலும் அமிலம் படாமல் காக்கவும் அது வேண்டும். பிரிட்டனிலும் கனடாவிலும் பாரெட் உள்ள 2,557 பேரிடம் நடந்த ஆஸ்பெக்ட் சோதனையின் முடிவு 2018இல் வந்தது. அதிக அளவில் அமிலத் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு, குறைந்த அளவில் சாப்பிட்டவர்களைவிட மரணமும் புற்றுநோயும் உயர்நிலைக் குலைவும் தள்ளிப்போயின. அதற்காக எல்லோரும் இரட்டிப்பு அளவுக்குத் தாவ வேண்டியதில்லை, அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். விடாமல் எடுப்பதுதான் முக்கியம். இன்னொரு காரணமும் உண்டு. அமிலத்தால் புண்ணாகி வீங்கிய திசு நுண்ணோக்கியில் டிஸ்பிளேசியா போலவே தோற்றம் காட்டிக் குழப்பும். புண்ணை ஆற்றிய பிறகு எடுத்த திசுதான் நம்பத்தகுந்த பதிலைத் தரும்.

"வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டால் சிறுநீரகம் போகும், எலும்பு போகும்" என்று வாட்ஸ்ஆப்பில் வரும் பயமுறுத்தல்களால் மாத்திரையை விட்ட பாரெட்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. 17,598 பேருக்கு பாண்டோபிரசோலையோ வெற்று மாத்திரையையோ சுமார் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. குடல் தொற்று சற்றுக் கூடியதைத் தவிர வேறு தீங்கு எதுவும் நிலைநாட்டப்படவில்லை. தேவையுள்ளவருக்கு இந்த மருந்தின் நன்மை பெரிது, தேவையில்லாதவருக்கு எந்த மருந்தும் வீண். பயமுறுத்தும் செய்தி இந்த இருவரையும் பிரித்துச் சொல்வதில்லை.

பழக்கவழக்கத்தில் மட்டும் இருவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். இங்கே புதுச்சேரியின் வாழ்க்கை முறையைக் கொஞ்சம் விரித்துப் பேசலாம். இந்த ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளை அடைத்துவிட்டு நாலு மணிக்குத் திறக்கும் வழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. நேரு வீதியில் இன்றும் பல கடைக்காரர்கள் வீட்டுக்குப் போய், மீன்குழம்புச் சோற்றை வயிறாரச் சாப்பிட்டு, உடனே பாயை விரித்துச் சாய்கிறார்கள். இரைப்பை நிறைந்திருக்கும்போது படுப்பதைவிட எதுக்களிப்புக்கு உகந்த வேறு ஏற்பாடு கிடையாது. இரவிலும் அதே கதை. கடை அடைக்கவே ஒன்பது, ஒன்பதரை ஆகிறது. பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும், பத்தரைக்குப் படுக்கை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று மருத்துவர் சொல்வதை இந்த வாழ்க்கைக்குள் எப்படி நுழைப்பது?

நுழைக்க வழி இருக்கிறது. இரவுச் சாப்பாட்டைக் கடையிலேயே ஏழு மணிக்கு இரண்டு இட்லியாக முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். மதியத் தூக்கத்தை விட முடியாதவர் சாய்வு நாற்காலியில் தூங்கட்டும். நம் பாட்டனார்கள் திண்ணையில் வைத்திருந்த அந்த நாற்காலி இந்த நோய்க்கு மிக நல்ல மருந்து. இரவில் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் பயனில்லை, கழுத்துதான் மடங்கும், வயிறு அழுந்தும். பாயில் படுப்பவர்கள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். அப்படிப் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். மாலையில் வாகனங்களை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை இருக்கிறதே, அதைவிட நடக்க நல்ல இடம் தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்கு வாய்த்திருக்கிறது? சாப்பிட்ட பின் டூப்ளே சிலைக்கும் காந்தி சிலைக்கும் இடையே மெதுவாக நடக்கலாம். தொப்பை குறைவதுபோல் எதுக்களிப்பைக் குறைப்பது வேறில்லை.

புளி, மிளகாய், காபி எல்லாவற்றையும் எல்லோரும் விட வேண்டுமா? அப்படிச் சொல்லும் மருத்துவர்களோடு நான் உடன்படவில்லை. ஒருவருக்கு ரசம் ஆகாது, இன்னொருவருக்கு ரசம் ஒன்றும் செய்யாது, பூரிதான் ஆகாது. இரண்டு வாரம் எழுதிவைத்துப் பார்த்து, தனக்கு ஆகாததை மட்டும் விட்டால் போதும். வாயைக் கட்டிப்போட்டு யாரும் நெடுநாள் வாழ்வதில்லை. 'கேஸ்' போக என்று பன்னீர் சோடா குடிப்பதை மட்டும் விட்டுவிடலாம். ஏப்பம் விடும்போது சுகமாக இருக்கும், அந்த ஏப்பத்துக்காகத் திறக்கும் வளையத்தின் வழியே அமிலமும் ஏறும்.

மதுவைத் தனியாகப் பேச வேண்டும். இந்த ஊரின் மலிவான மது தமிழகம் முழுக்கப் பெயர்பெற்றது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் சட்டப்படி நடக்கின்றன. மது அந்தத் தசைவளையத்தைத் தளர்த்துகிறது, எதுக்களிப்பைக் கூட்டுகிறது. ஆனால் அதன் பெரிய கெடுதல் இன்னொரு பாதையில் வருகிறது.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் இரண்டு வகை. பாரெட்டிலிருந்து வருவது சுரப்பித்திசு வகை. மேலைநாடுகளில் 1970களிலிருந்து மளமளவென்று கூடியது இதுதான். இந்தியாவில் இன்றும் மேலோங்கி இருப்பது தட்டைச்செல் வகை. அது எரிச்சலோடு வருவதில்லை. புகை, மது, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, பாக்கு ஆகியவை அதன் காரணங்கள். பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த இரண்டாம் வகை பழைய பகைவன். சேன் மாலோ துறைமுகம் இருக்கும் ஈல் எ விலேன் மாவட்டத்தில், இந்த நோய் வந்த 200 ஆண்களை ஆராய்ந்து துயின்ஸ் குழுவினர் 1977இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பாடமாக இருக்கிறது. மதுவும் புகையிலையும் சேரும்போது ஆபத்து கூடுவதோடு நிற்பதில்லை, ஒன்றையொன்று பெருக்குகிறது என்று அது காட்டியது.

இதிலிருந்து புதுச்சேரிக்காரருக்கு ஒன்று தெளிவாகிறது. நெஞ்செரிச்சலுக்குப் பயந்து மாத்திரை விழுங்கிக்கொண்டே பீடியையும் குவார்ட்டரையும் தொடர்பவர், சிறிய வாசலைப் பூட்டிவிட்டுப் பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். பாரெட் உள்ளவர் புகைத்தால் இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன, ஏனென்றால் புகை பாரெட்டிலிருந்து வரும் புற்றுநோய்க்கும் துணைபோகிறது.

எரிச்சல் உள்ள எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் எதுக்களிப்பு உள்ள, ஐம்பதைக் கடந்த ஆண், அவருக்குத் தொப்பையும் புகைப்பழக்கமும் உண்டு, அல்லது ரத்த உறவில் யாருக்காவது இந்நோய் இருந்திருக்கிறது என்றால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விழுங்கும்போது சோறு அடைத்தால், காரணமின்றி எடை குறைந்தால், இரத்த வாந்தி வந்தால், மலம் தார்போலக் கறுத்தால் வயதையும் பாலினத்தையும் பார்க்காமல் உடனே போக வேண்டும். நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அது 'கேஸ்' அல்ல, முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். 'கேஸ்தான்' என்று சோடா குடித்துப் படுத்து, விடியாமல் போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

பாரெட் உறுதியான பிறகு நடப்பது வேறு வகை வாழ்க்கை. டிஸ்பிளேசியா இல்லாமல், உருமாறிய பகுதி மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். ஒவ்வொரு இரண்டு சென்டிமீட்டருக்கும் நான்கு பக்கமும் திசு கிள்ளி எடுக்க வேண்டும். அவசர அவசரமாக ஒன்றிரண்டு துண்டு எடுத்துவிட்டு 'பாரெட், புற்றுநோய் இல்லை' என்று தரும் அறிக்கை முழுமையானதல்ல. உயர்நிலைக் குலைவு தென்பட்டால் முன்பெல்லாம் உணவுக்குழாயையே வெட்டி எடுத்தார்கள். இப்போது எண்டோஸ்கோப்பி வழியாகவே மேடான பகுதியை அகற்றி, மிச்சத்தை வானொலி அலைவெப்பத்தால் கருக்கிவிடுகிறார்கள். 2009இல் வெளியான சோதனையில் இந்த முறையால் உயர்நிலைக் குலைவு உள்ளவர்களில் 81 விழுக்காட்டினருக்கு அந்தக் குலைவு முற்றிலும் நீங்கியது. நேரத்தில் கண்டுபிடித்தால் நெஞ்சைத் திறக்காமலே தப்பிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

இங்கே இடம் ஒரு நோயாளியின் விதியை எவ்வளவு மாற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் ஒரே குடும்பத்தில் அண்ணன் பாரிஸ் புறநகரில், தம்பி முத்தியால்பேட்டையில் என்று இருப்பது சாதாரணம். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்த வீடுகள் அவை. அண்ணனுக்கு அங்கே பதிவுசெய்த குடும்ப மருத்துவர் உண்டு, அடுத்த சோதனை எப்போது என்று அவரது கோப்பில் இருக்கும். தம்பிக்கு 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தெல்லாம் விடியலில் வந்து வரிசையில் நிற்கும் கூட்டத்தோடு அவரும் நிற்கிறார். சிகிச்சையின் தரத்தில் தம்பி அதிகம் இழக்கவில்லை. மூன்று வருடம் கழித்து அவரை நினைவூட்டி அழைக்க ஆளில்லை, அதைத்தான் இழக்கிறார். அந்த நினைவூட்டலை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும். மகளோ மருமகளோ கைப்பேசியில் தேதியைக் குறித்துவைத்தால் போதும்.

அறிக்கையை வாங்கும்போது இரண்டைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்று, பிராக் அளவு. உருமாற்றம் குழாயைச் சுற்றி முழு வளையமாக எத்தனை சென்டிமீட்டர், அதிகபட்சமாக எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்பதை சி, எம் என்ற எழுத்துகளோடு எண்ணாகக் குறிப்பார்கள். கோரிமேட்டில் எழுதியதைப் பாரிஸில் உள்ளவரும், அங்கே எழுதியதை இங்கே உள்ளவரும் அப்படியே படித்துக்கொள்ளலாம், பழைய எண்ணோடு புதியதை ஒப்பிடலாம். இரண்டாவது, டிஸ்பிளேசியா உண்டு என்று வந்தால், குடல் நோய்த் திசுக்களில் அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரும் அதே கண்ணாடித் தகட்டைப் பார்த்து ஒப்புக்கொண்டாரா என்பது. தாழ்நிலைக் குலைவு என்று ஒருவர் எழுதியதை இரண்டாமவர் வெறும் புண் என்று மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கிறது. எரிக்கும் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த இரண்டாம் கண் கட்டாயம் வேண்டும். தகட்டைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.